பெருங்கடவிளைக்கு இரண்டு கார்டுகள்

“சில்வர் கவர்ல போட்டு, அதுக்கு மேல பருத்தித் துண்டு சுத்துங்க மாமா. கம்பளி வேண்டாம், ஸ்டாட்டிக் பிடிக்கும்” என்று மருமகன் முந்தின நாளே சொல்லியிருந்தான். அவன் சொன்னபடியே இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளையும் சுற்றிக் கைப்பையின் நடுவில் வைத்துக்கொண்டு எழும்பூரில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறினேன். பையை சீட்டுக்கு அடியில் தள்ள மனம் வரவில்லை. தலைமாட்டில் வைத்தே படுத்தேன்.

என் தங்கையைக் கட்டிக்கொடுத்தது எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பெருங்கடவிளையில். அவள் மகன்தான் அந்த மருமகன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, பழைய கம்ப்யூட்டர் பாகங்களைச் சேர்த்து கேமிங் பிசி கட்டி விற்கிறான். மாதத்துக்கு இரண்டு, ஓணம் சமயத்தில் மூன்று. அது என்ன தொழில், அதில் ஒரு குடும்பம் நம்பி இறங்க இடமிருக்கிறதா என்று தங்கை என்னிடம் பலமுறை கேட்டாள். போனில் சொல்லும் பதிலில் அவளுக்கும் திருப்தியில்லை, எனக்கும் இல்லை. நேரில் போய் அவன் ஒரு பெட்டியைத் தொடக்கம் முதல் கடைசிவரை கட்டி முடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

கார்டுகள் ரிச்சி தெருவில் வாங்கியவை. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பின்னிக்கிடக்கும் அந்தச் சந்துகளில், ரேடியோ உதிரிகள் விற்ற காலத்திலிருந்து இன்றுவரை ஒரு பழக்கம் மாறவில்லை. பொருளை ஓட்டிக் காட்டச் சொன்னால், நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு கடையில் மதர்போர்டை அட்டைப்பெட்டி மேலேயே விரித்துவைத்து, நான் கேட்ட ஜிடிஎக்ஸ் 1650 கார்டைச் செருகி, ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து காட்டினார்கள். 896 கூடா கோர், 4 ஜிபி நினைவகம். எண்களை மருமகனுக்குப் படமெடுத்து அனுப்பினேன். “ஓகே மாமா” என்று வந்த பிறகே பணம் கொடுத்தேன்.

அவன் இவ்வளவு கவனமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் இணையத்தில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று ஒரு கார்டை மலிவாக வாங்கினான். விண்டோஸிலும் அதே பெயர்தான் தெரிந்தது. கேமைத் திறந்ததும் திரை கறுத்துப்போனது. பிரித்துப் பார்த்தால் 2010-இல் வந்த ஜிடிஎஸ் 450 சிப். அதன் பயாஸை மாற்றி எழுதி, பெயரை மட்டும் புதிதாக ஏற்றியிருந்தார்கள். உண்மையான 1050 டிஐ-இல் 768 கோர் இருக்கும். அதில் இருந்தது 192. விற்றவன் கணக்கை மூடிவிட்டுப் போய்விட்டான். நாலாயிரம் ரூபாய், தங்கை சீட்டுக்கட்டி வைத்திருந்த பணம். அந்தக் கார்டை அவன் தூக்கிப் போடவில்லை. மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் தெரியும்போது விழித்துக்கொண்டேன். குழித்துறையில் இறங்கி, திருவனந்தபுரம் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். களியக்காவிளை தாண்டினால் கேரளம். கடைப் பலகைகளின் எழுத்து மாறும், பேச்சு மாறாது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தன. சேர்க்கச் சொல்லிக் கேட்ட நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே நின்றது. அதற்குப் பிறகும் இரண்டு பக்கத்து வீடுகளும் பெண் கொடுத்து, பெண் எடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. எங்கள் வீட்டிலேயே என் தங்கை மூன்றாவது ஆள்.

பாறசாலை, உதியன்குளங்கரை கடந்து அமரவிளை. நான் சின்னவனாக இருந்தபோது இந்த இடத்தில் லாரிகள் நீண்ட வரிசையாக நிற்கும். வணிகவரிச் சோதனைச்சாவடி. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரிச்சாவடிகள் எடுபட்டன. இப்போது கம்ப்யூட்டர் பாகத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே 18 சதவீதம். ஆகவே மருமகன் சென்னையிலிருந்து பாகம் வரவழைப்பது வரிக்காக அல்ல. நெய்யாற்றின்கரையில் புதுக் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கின்றன. ஆனால் பழைய கிராபிக்ஸ் கார்டுகளைப் பத்து, இருபது என்று அடுக்கிவைத்து, ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொள் என்று சொல்லும் கடையை அவன் இந்த வட்டாரத்தில் கண்டதில்லை. எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், அல்லது கூரியரை நம்ப வேண்டும். கூரியரில் வந்த ஒரு கார்டின் ஸ்லாட் விளிம்பு ஒடிந்திருந்த கதையும் அவனிடம் உண்டு.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் பெருங்கடவிளை வண்டிக்காகக் காத்திருந்த அரை மணி நேரத்தில் ஒரு ஏத்தக்காய் அப்பமும் கட்டன் சாயாவும். ஊரின் பெயரை அங்கே ‘பெருங்கடவிள’ என்று முடிப்பார்கள். நாம் விளை என்போம். இரண்டும் ஒன்றுதான், தென்னையும் மரச்சீனியும் விளையும் மேட்டு நிலம். களியக்காவிளை, அமரவிளை, பெருங்கடவிளை என்று எல்லைக்கு இரு பக்கமும் அந்த நிலத்தின் பெயர்தான் ஊர்களுக்கு. பஸ் மேடேறத் தொடங்கியதும் ரப்பர் வரிசைகள் வந்தன. ஐப்பசிக் காலை வெயில் சுள்ளென்று இருந்தது. இந்த மாதத்தில் இங்கே காலை இப்படித்தான் தெளிவாக இருக்கும். மத்தியானத்துக்கு மேல் கிழக்கு மலையிலிருந்து இடி இறங்கும். துலாவர்ஷம்.

தங்கை வாசலிலேயே நின்றாள். “பையை இங்க தா அண்ணா” என்று கை நீட்டினாள். மருமகன் பின்னாலிருந்து ஓடிவந்து, “அம்மா, அது நான் எடுக்கேன்” என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். துண்டைப் பிரித்து முதல் கார்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “கொள்ளாம் மாமா” என்றான். நன்றாயிருக்கிறது என்று சொல்லும் இந்த ஒரு சொல்லுக்கு எல்லை கிடையாது.

அவன் வேலை செய்யும் இடம் முன்பு ரப்பர் ஷீட் உலர்த்திய அறை. இன்னும் அந்தப் புகைவாசம் சுவரில் இருக்கிறது. ஒரு நீள மேசை, அதன்மேல் ரப்பர் விரிப்பு. சுவரோரம் ஐந்து கறுப்பு டெல் ஆப்டிபிளெக்ஸ் டவர்கள். திருவனந்தபுரத்தில் ஒரு மொத்த வியாபாரியிடம் எடுத்தவை. நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990-இல் அங்கே வந்தது. அப்படிப்பட்ட இடங்களில் அலுவலகங்கள் குத்தகை முடிந்ததும் கம்ப்யூட்டர்களை மொத்தமாகக் கழிக்கின்றன. பகலெல்லாம் கணக்குத்தாள் திறந்து மூடிய பெட்டிகள். பெரிய உழைப்பு எதையும் கண்டிராதவை.

2025-இல் கழிவது அதிகமாயிற்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை டவர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விலையிறங்கிக் குவிகின்றன. அவற்றை அள்ளிக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாற்றி, வண்ண விளக்கு ஃபேன் நாலு பொருத்தி விற்றால் லாபம் கூடுதல். மருமகன் தொடுவதில்லை. அவன் சுவரோரம் இருந்த ஐந்தும் ஐ5-8500. ஆறு கோர், 2018-இல் வந்த சிப். “வேலரண்ட் ஆடணும்னுதான் பாதிப்பேர் வாங்குறாங்க மாமா. விண்டோஸ் 11-ல அதுக்கு டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் இல்லாட்டா கேமே திறக்காது. பழசக் குடுத்துட்டு ஆறு மாசத்துல அவன் என் வாசல்ல வந்து நிப்பான்.” இன்னொரு காரணமும் சொன்னான். இந்த டவர்களில் விண்டோஸ் ப்ரோ உரிமம் பயாஸுக்குள்ளேயே பதிந்து வருகிறது. திருட்டு விண்டோஸ் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை.

எனக்கு இதில் ஒரு கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ‘ஐ7 கேமிங் பிசி’ என்று எழுதி விற்கப்படும் பெட்டிகளில் எத்தனையோ, 2011-இல் வந்த ஐ7-2600. அன்றைக்கு அது நல்ல சிப்தான். இன்று 2022-இன் ஒரு ஐ3-12100 அதைத் தாராளமாக முந்தும். ஏழு என்ற எண்ணைப் பார்த்துப் பெற்றோர் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். பையனுக்குத் தெரியும் என்று அப்பா நம்புகிறார், கடைக்காரனுக்குத் தெரியும் என்று பையன் நம்புகிறான். பதினாலு வருடத்துச் சிப்பை அதன் வயதைச் சொல்லாமல் விற்பது, வண்டியின் மீட்டரைத் திருப்பி வைத்து விற்பதற்குச் சமம்.

மத்தியானம் இரண்டாவது கார்டைப் பிரித்தோம். ஆர்எக்ஸ் 570, 4 ஜிபி. கடைக்காரரே “மைனிங்ல ஓடின கார்டு சார்” என்று சொல்லித்தான் விலையைக் குறைத்தார். 2017-இல் வந்த இந்த வகைக் கார்டுகளை எத்திரியம் நாணயம் எடுப்பவர்கள் அடுக்கடுக்காக வாங்கி இரவுபகலாக ஓட்டினார்கள். அந்த வேலைக்கு ஏற்றவேண்டிய கோப்பு வளர்ந்துகொண்டே போய், 2020 கடைசியில் 4 ஜிபிக்குள் அடங்காமல் போனது. 4 ஜிபி கார்டுகள் முதலில் வெளியே வந்தன. 2022 செப்டம்பர் 15-இல் எத்திரியம் மைனிங் முறையையே கைவிட்டபோது மீதியும் சந்தைக்கு வந்து கொட்டியது.

நான்கு திருகு கழன்றதும் ஹீட்சிங்க் மெல்லப் பிரிந்தது. சிப்பின்மேல் பேஸ்ட் சுண்ணாம்பாக உலர்ந்து கிடந்தது. நினைவகச் சில்லுகள் மேலிருந்த தெர்மல் பேடு எண்ணெய் கசிந்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. ஒரு ஃபேனை விரலால் சுண்டினான். சுற்றி நிற்பதற்குள் ஒரு சிறு தள்ளாட்டம். “சிப்புக்கு ஒண்ணும் ஆகியிருக்காது மாமா. மைனிங் பண்றவன் கரண்ட் பில்லுக்குப் பயந்து சிப்பக் குறைச்சுத்தான் ஓட்டுவான். மெமரியத்தான் விரட்டுவான். அடி வாங்குறது மெமரியும் பேடும் ஃபேனும்.” பயாஸும் மாற்றப்பட்டிருந்தது. அதே தயாரிப்பு, அதே மாடல், அதே நினைவகச் சில்லு என்று மூன்றும் பொருந்துகிற மூல பயாஸைத் தேடி எடுத்து ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சில்லுக்கு மேல் இருந்த எழுத்தைப் படிக்கத் தங்கையின் கண்ணாடியைக் கேட்டு வாங்கினான்.

புதுப் பேஸ்ட், புதுப் பேடு, ஒரு புது ஃபேன். கார்டை வாட்டிப் பார்க்கும் ஃபர்மார்க் போட்டு அரை மணி நேரம் ஓட்டினான். பிரிப்பதற்கு முன் 88 டிகிரி தொட்டது இப்போது 74-இல் நின்றது. திரையில் புள்ளியோ கோடோ இல்லை. விற்கலாம் என்றே எனக்குப் பட்டது. அவன் கார்டைத் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டு, “இது பத்து நாள் இங்க ஓடட்டும்” என்றான். பத்து நாள் என்றால் அவன் பணம் பத்து நாள் முடங்கும். கேட்டேன். ஆணியில் தொங்கும் கார்டை ஒருமுறை பார்த்தான், அவ்வளவுதான்.

மறுநாள் விற்கப்போகும் பெட்டிக்கு 1650-தான். காரணம் மின்சாரம். டெல் டவரின் பவர் சப்ளை 260 வாட். கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி வயர் அதில் வராது, டெல் வைத்திருக்கும் இணைப்பும் மற்றவர்கள் வைக்கும் 24 முள் வகை அல்ல. தனி வயர் கேட்காத வகை 1650 ஸ்லாட்டிலிருந்து வரும் 75 வாட்டுக்குள் வேலையை முடித்துக்கொள்ளும். 570 அப்படியல்ல, 150 வாட் கேட்கும், தனிக் கேபிள் கேட்கும். அதற்கு வேறு பெட்டி, வேறு சப்ளை. சப்ளை விஷயத்தில் அவனுக்கு ஒரு கறார் உண்டு. டெல்லோடு வந்தது அப்படியே இருக்கட்டும், வெளியில் வாங்குவதென்றால் புதிதாக மட்டும். வேறு எந்தப் பாகம் கெட்டாலும் அது ஒன்றுதான் போகும், மட்டமான சப்ளை போகும்போது துணைக்கு நாலைக் கூட்டிக்கொண்டு போகும்.

இரவு எட்டு மணிக்கு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். மரச்சீனியும் சாளைக் குழம்பும். சாப்பிட்டபடியே கணக்கு சொன்னான். 8 ஜிபி ரேமோடு டவர் 9,500. இன்னொரு 8 ஜிபி 2,000. ஏஐ சர்வர்களுக்கான நினைவகத்தின் பக்கம் தொழிற்சாலைகள் திரும்பிவிட்டதால் ரேம் விலை அந்த வருடம் ஏறிவிட்டது, பழையதும் கூடவே ஏறியது. 1650 கார்டு 6,500. 512 ஜிபி எஸ்எஸ்டி புதிது, 3,200. அலுவலகத்தில் கழிந்த 22 அங்குல மானிட்டர் 2,800. கீபோர்டு, மவுஸ் 600. ஆக 24,600. விற்பது 28,500. வண்டிக்கூலி, பேஸ்ட், போன் எல்லாம் போக மூவாயிரம் சொச்சம் நிற்கும். மூன்று நாள் வேலை. தங்கை ஒன்றும் பேசாமல் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். இந்தத் தொகையை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு அது கூலியாகவே பட்டது, நியாயமான கூலி. லாபம் என்ற சொல்லை அதற்குப் போடத் தோன்றவில்லை.

காலையில் மெம்டெஸ்ட் பிழை ஏதுமின்றி முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் நான் இவ்வளவு தூரம் வந்ததற்குக் கிடைத்தது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மலையாளத்தில் எழுதத் தொடங்கினான். சிப் எந்த வருடம், கார்டு எந்த வருடம், எங்கே வாங்கியது, எது பழையது, எது புதியது, எந்தச் சோதனை எவ்வளவு நேரம் ஓடியது, அப்போது சூடு எத்தனை டிகிரி. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்தான், கேம் நூறு ஃப்ரேமுக்கு மேல் காட்டினாலும் கண்ணுக்கு அறுபதுதான் வரும் என்று ஒரு வரி. மூன்று மாதத்துக்குள் எது போனாலும் மாற்றித் தருவேன், இடி விழுந்து போனால் தர இயலாது என்று ஒரு வரி. கீழே தேதி, கையெழுத்து. அதே தாளைக் கார்பன் வைத்துப் படி எடுத்து ஒரு கோப்பில் சொருகினான். கோப்பில் அப்படி முப்பதுக்கு மேல் இருந்தன. கோப்பைத் தங்கையிடம் காட்டினேன். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். இத்தனை நாளும் அந்த அலமாரியைத் துடைத்தவள் அவள்தான். திறந்து பார்த்தது அன்றுதான்.

பெட்டியைக் கொடுக்கவேண்டிய வீடு அருவிப்புறம் போகும் வழியில். ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு நானும், டவரைக் கட்டிப்பிடித்தபடி அவனும். நெய்யாறு ஓரிடத்தில் தெரிந்து மறைந்தது. 1888-இல் நாராயண குரு அந்த ஆற்றிலிருந்து கல்லெடுத்துச் சிவனாக நிறுவிய கரைக்குப் போய்வர ஆசை இருந்தது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்ததால் போகவில்லை.

அந்த வீட்டில் அப்பா ரப்பர் வெட்டுகிறவர். பையன் பிளஸ் டூ. கேம் ஆட வேண்டும், பிளெண்டர் கற்க வேண்டும் என்று இரண்டும் சொன்னான். மருமகன் பெட்டியை வைத்ததும் முதலில் கேட்டது எர்த்தைப் பற்றி. மூன்று முள் சாக்கெட்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்து, வெளியே போய் எர்த்துக் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னான். அப்புறம் தாளை அப்பாவிடம் கொடுத்தான். அவர் திண்ணை வெளிச்சத்தில் நின்று முழுவதும் வாசித்தார். ஓரிடத்தில் விரல் வைத்து, “இது பழசா மக்களே?” என்றார்.

“ஆமா அண்ணா. கார்டு பழசு. அஞ்சாறு வருசம் இருக்கும்.”

“எத்தர நாளு ஓடும்?”

“அது எனக்குச் சொல்லத் தெரியாது அண்ணா. நேத்து ராத்திரி ஓடினது தெரியும். மூணு மாசம் நான் பாத்துக்குவேன்.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மருமகனும் அந்த மௌனத்தை நிரப்ப எதையும் சொல்லவில்லை. அந்த அரை நிமிடம் எனக்குப் பெரிதாக இருந்தது. பிறகு உள்ளே போய், ரப்பர்ப் பால் வாசம் ஒட்டிய நோட்டுகளைக் கொண்டுவந்து இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். தாளை மடித்து, சுவரில் மாட்டியிருந்த மாதாவின் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார்.

பையன் சுவிட்சைப் போட்டான். ஃபேன் சத்தம் எழுந்து தணிந்தது. கேம் இறங்கி முடிய ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை கட்டன் சாயா, வீட்டு விசேஷம், இந்த வருடத்து மழை. முதல் ஆட்டம் தொடங்கி, பையன் நாற்காலி நுனிக்கு வந்திருப்பான், மலைப்பக்கம் ஒரு வெட்டு. ஓட்டுக்கூரை அதிர்ந்தது. அப்பா எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்தார். மருமகன் குனிந்து பிளக்கையும் உருவினான். நெட் கேபிளையும் கழற்றச் சொன்னான். பையன் இருண்ட திரையைப் பார்த்தபடி, கையிலிருந்த மவுஸை விடாமல், மழை விடக் காத்திருந்தான்.